இடப்பக்கம் படுத்து

சீட்டின் பின்பக்கம் டாக்டர் ஷாஹின்
'ப' என்று எழுதித் தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.
இதுதான் உங்கள் பெருங்குடல், தில்லிபாபு.
ஒரு காலின் அடியிலிருந்து மேல்நோக்கி
சிவப்புப் பேனாவால் தேய்த்துக்கொண்டே போய்
வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார்.
புண் இதுவரைக்கும்.

பதினேழு வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறேன்.
எந்தப் படம் போட்டாலும் எனக்கு ரோடுதான்.
ஆசனவாயை ராயபுரம் பாலம் என்று வைத்துக்கொண்டால்
சப்போசிட்டரி கல்மண்டபத்தைத் தாண்டாது.
நுரை காசிமேடு போகும்,
நல்ல நாளில் டோல்கேட்.
எனிமா ஒன்றுதான்
திருவொற்றியூர் கடந்து எர்ணாவூர் வரை.
சொன்னேன்.
டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்தார்.
அப்போ உங்களுக்கு எர்ணாவூர்தான்.

மாத்திரை பத்தாதா மேடம்?
மாத்திரை மேலேயிருந்து வருகிற லோடு.
வழியெல்லாம் இறக்கி இறக்கி
ராயபுரம் வருவதற்குள் வண்டி காலி.
(இதை அவர் சொல்லவில்லை.
வீட்டுக்குப் போகிற வழியில் நானே சொல்லிக்கொண்டது.)

ஓ.பி. பெஞ்சில்
வண்ணாரப்பேட்டை டெய்லர் முனவ்வர்
நுரைக்குச் சத்தியம் செய்கிறார்.
ஷேவிங் கிரீம் மாதிரி புஸ்ஸுன்னு போகும் பாய்,
உள்ளே ஒட்டிக்கும், ஒழுகாது,
அஞ்சே நிமிஷத்துல எழுந்து மிஷின் மிதிக்கலாம்.
விலையைக் கேட்டேன்.
அவர் காதில் விழவில்லை.
அவருடையது ஸ்டீராய்டு.
சீக்கிரம் அடக்கும்,
ஆனால் ரொம்ப நாள் குடிவைக்கக் கூடாதாம்.
கொருக்குப்பேட்டை நவநீதம் அக்காவுக்கு
ராத்திரிக்கு ஒரு சப்போசிட்டரியோடு சரி.
அவர் புண் கல்மண்டபத்திலேயே நின்றுவிட்டது.
கொடுத்து வைத்தவர்.

எனக்கும் முதலில் அதைத்தான் கொடுத்தார்கள்.
மே மாதக் கேபினில் வைத்துவிட்டு
ஜீரோ கேட் வரிசையில் பதினோரு மணி நேரம்.
அட்டையைப் பிரித்தால்
பத்தும் கரைந்து வெண்ணெய்.
அந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
முன்னால் கண்டெய்னர், பின்னால் கண்டெய்னர்,
ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் கடல்.
வயிறு முறுக்கும்போது
இறங்கினால் இடம் போச்சு,
இறங்காவிட்டால் மானம் போச்சு.
இரண்டும் போயிருக்கிறது.

இப்போது ராத்திரி பத்தரைக்கு
ரெஜினா பாட்டிலை வெந்நீர் மக்கில் நிறுத்துகிறாள்.
உடம்புச் சூடு வந்தால்தான் குடல் ஏற்கும்.
பையன் தூங்கிவிட்டானா என்று பார்த்து
நடுவில் புடவையைக் கட்டுகிறாள்.
அறுபது மில்லி.
இடப்பக்கம் படுத்து, வலது முழங்காலை மடக்கி,
மெதுவாக, மெதுவாக.
முதல் வாரம் எதுவும் நிற்கவில்லை.
விரிப்பில் விழுந்த பழுப்புக் கறை
இரண்டு சோப்புக்கும் போகவில்லை.
அதைக் கீழே போட்டு மேலே ரப்பர் ஷீட் விரித்தாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
பேசியிருந்தால் பாட்டிலை விட்டெறிந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் ஒரே கட்டில், சுவரோரம்.
கல்யாணமானதிலிருந்து சுவர்ப்பக்கம் என் இடம்,
வலப்பக்கம் திரும்பினால் அவள்.
இப்போது விடியும்வரை எனக்கு
சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும்
சரக்கு ரயில் போகும்போது அதில் நடுங்குகிற
கேலண்டர் ஆணியும்தான்.
எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ,
தள்ளு என்று சொல்லிவிட்டு
என்னைத் தாண்டி ஏறி
சுவரோரம் படுத்துக்கொண்டாள்.
ஐஸ் ஃபேக்டரியில் கணக்கெழுதுகிறவள்,
சில்லென்ற விரல்.
அன்றைக்கு மருந்து
காலை நாலு மணிவரை நின்றது.

டிரிப் ஷீட்டின் ஓரத்தில் எழுதி வருகிறேன்:
எத்தனை தடவை, எவ்வளவு ரத்தம்.
இருபத்தாறாம் நாள் ரத்தத்துக்கு நேரே
சேதம் என்ற கட்டத்தில் ஆபீஸில் எழுதுவதுபோல
நில் என்று போட்டேன், தமிழில்.
ரெஜினா எட்டிப் பார்த்தாள்.
யாரை நிக்கச் சொல்ற?

அடுத்த சீட்டில் டாக்டர்
தினமும் என்பதை அடித்துவிட்டு
வாரத்துக்கு மூன்று என்று எழுதினார்.
செவ்வாய், வியாழன், ஞாயிறு.
மற்ற ராத்திரிகளில் எப்படியும் படுக்கலாம்.
கட்டிலில் அவரவர் பழைய இடத்துக்கு
இன்னும் மாறவில்லை.
ஜீரோ கேட்டில் இன்றைக்கு
ஏழு மணி நேரம்தான்.